வண்ணத்தின் ஈரம்

ஓவியம் தீட்டுவோர்க்கு இரண்டு விருப்பங்கள் உண்டு. தீட்டிக் கொண்டிருக்கும் வரையில் வண்ணம் உலரலாகாது என்பது ஒன்று. தீட்டி முடித்தபின் அது விரைவில் உலர்ந்து, நீர் பட்டாலும் கரையாமல் நெடுங்காலம் நிற்றல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறானவை. இவற்றை ஒருங்கே அடைவது எவ்வாறு என்பதே வண்ணக் கலையின் பழமையான வினாக்களுள் ஒன்று. இந்நாளில் பள்ளி மாணவர் முதல் தேர்ந்த ஓவியர் வரை பலரும் கையாளும் அக்ரிலிக் வண்ணத்தில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்றது. ஆகவே, அவ்வண்ணத்தை வேலை முடியும் வரை ஈரமாக வைத்துக் கொள்வது எப்படி, அவ்வாறு வைக்க வேண்டிய காரணம் யாது என்பதைப் பற்றி இன்று சில கூற விழைகின்றேன்.

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் சித்திரை, வைகாசி மாதங்களின் வெப்பம் எத்தன்மையது என்பதை நேயர்கள் அறிவர். நண்பகலில் நாற்பது டிகிரி செல்சியஸை எட்டும் நாள்களும் உண்டு. அத்தகைய நாளில், மின்விசிறியின் கீழ் அமர்ந்து, எவர்சில்வர்த் தட்டில் பட்டாணி அளவு அக்ரிலிக் வண்ணத்தைப் பிதுக்கி வைத்துவிட்டு, படத்தின் கோடுகளைச் சரிபார்த்துத் திரும்பினால், அதன்மேல் பாலாடை போன்ற ஒரு படலம் படர்ந்திருக்கும். இன்னும் சிறிது நேரம் கழிந்தால் முழுவதும் இறுகிவிடும். அதன்மேல் எவ்வளவு நீர் விட்டுத் தேய்த்தாலும் மீண்டும் குழையாது. ஓவியப் போட்டி நாள்களில், கால்வாசிப் படம் முடிவதற்குள் வண்ணம் எல்லாம் காய்ந்துபோய், பக்கத்தில் இருப்பவனிடம் கடன் கேட்கும் மாணவர்களைப் பன்முறை கண்டிருக்கின்றேன். சிறிய குழாய் ஒன்றை வாங்கவும் வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டிய நிலையிலுள்ள பிள்ளைக்கு இது சிறிய இழப்பன்று.

நீர்வண்ணத்தில் இத்தொல்லை இல்லையே என்று சிலர் வினவலாம். உண்மைதான். நீர்வண்ணக் கட்டியில் நிறப்பொடியைப் பிணைத்து நிற்பது கருவேலம் பிசின் போன்றதொரு பிசின். அது நீரில் கரையும், காயும், மீண்டும் நீர் பட்டால் மீண்டும் கரையும். ஆகவே சென்ற ஆண்டு காய்ந்த நீர்வண்ணமும் இன்று தூரிகையின் ஈரம் பட்டவுடன் உயிர் பெறுகின்றது. அக்ரிலிக் வண்ணத்தின் அமைப்பு வேறு. அதில் நிறப்பொடியும், நீரும், அந்நீரில் கரையாமல் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் உள்ளன. பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பது போன்று அவை மிதப்பதால், இத்தகைய கலவையைப் பால்மம் என்பர். அத்துகள் ஒவ்வொன்றும் தலைமயிரின் தடிமனில் பல நூற்றில் ஒரு பங்கே இருக்கும்.

இப்பால்மம் உலரும் முறையை மூன்று படிகளாக எண்ணிப் பார்க்கலாம். முதலில் நீர் ஆவியாகின்றது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அடுத்து, இடைவெளியில் எஞ்சிய நீரும் நீங்க, அவை நெருக்குண்டு, உருண்டை வடிவம் இழந்து, தேன்கூட்டின் அறைகளைப் போல ஒட்டி அமைகின்றன. இறுதியில் துகள்களின் எல்லைகள் மறைந்து, ஒன்றில் ஒன்று கலந்து, ஒரே படலமாகி விடுகின்றன. முதற்படியில் நீர் சேர்த்தால் வண்ணம் பழைய நிலைக்குத் திரும்பும். இரண்டாம் படி நிறைவுற்று மூன்றாவதில் புகுந்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டது. தனித்தனியாக நின்ற துகள்கள் இப்போது இல்லை. இருப்பது நீரில் கரையாத ஒரு பிளாஸ்டிக் தாள். ஆகவே அக்ரிலிக் வண்ணத்தைப் பொறுத்தவரை ஈரத்தைக் காப்பதே செய்யத்தக்கது. இழந்த ஈரத்தை மீட்பது இயலாது. பின்னர் நான் கூறப்போகும் முறைகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவையே.

இவ்வண்ணம் தோன்றிய வரலாற்றையும் சுருங்கக் காண்போம். ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ஓட்டோ ரோம் என்பவர் அக்ரிலிக் சேர்மங்களைப் பற்றிய தம் ஆய்வுரையை 1901ஆம் ஆண்டில் அளித்தார். அவ்வாராய்ச்சியின் வழிவந்த பொருள்கள் நாளடைவில் தொழிற்சாலைகளில் இடம்பெற்றன. 1940களில் அமெரிக்காவில் அக்ரிலிக் பிசினைக் கொண்டு ஓவிய வண்ணம் ஒன்று செய்தனர். ஆயின் அதைக் கரைக்க டர்பன்டைன் போன்ற கரைப்பான் தேவைப்பட்டது. நீரில் கலக்கத்தக்க அக்ரிலிக் ஓவிய வண்ணங்கள் 1950களின் நடுவில் அந்நாட்டிலேயே விற்பனைக்கு வந்தன. எண்ணெய் வண்ணம் உலரப் பல நாள்கள் காத்திருக்க வேண்டியிருந்த ஓவியர்க்கு, ஒரு மணி நேரத்திற்குள் உலரும் வண்ணம் பெரும் பேறாகத் தோன்றியது. பெற்ற பேறே தொல்லையாகவும் ஆயிற்று என்பது வேறு.

உலர்தல் என்று நாம் பொதுவாகக் கூறும் சொல், உண்மையில் பல்வேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கின்றது. இதனை விளக்கச் செட்டிநாட்டைவிடச் சிறந்த பாடசாலை இல்லை. இங்குள்ள பழைய வீடுகளின் சுவர்களைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி போல் வழவழப்பாக, கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்புச் சாந்தைப் பல அடுக்குகளாகப் பூசி, மேற்பூச்சில் முட்டையின் வெண்கருவும் சேர்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. அச்சுண்ணாம்பு நீரை இழப்பதால் மட்டும் கல்லாவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகின்றது. அம்மாறுதல் நிகழச் சிறிது ஈரம் இருந்தே ஆகவேண்டும். வெயிலில் பூச்சு திடீரெனக் காய்ந்துவிட்டால் அது வெடிக்கும், பொடியும். எனவேதான் கொத்தனார் பூச்சின்மேல் நீர் தெளித்து, வெயில் படாமல் மறைத்துக் காப்பர்.

காரைக்குடிக்கு அண்மையிலுள்ள ஆத்தங்குடியில் செய்யப்படும் தரைக்கற்களையும் எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூவேலை அச்சைப் பொருத்தி, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை அந்தந்தக் கட்டத்தில் ஊற்றுகின்றனர். அச்சை எடுத்தபின், நிறங்கள் ஈரமாக இருக்கும்போதே, அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, பின்னர்ச் சாந்தை இட்டு அழுத்துகின்றனர். பிறகு அக்கற்கள் நீர்த்தொட்டியில் பல நாள்கள் ஊறுகின்றன. சிமெண்டு நீரோடு சேர்ந்து வேதியியல் மாறுதல் அடைந்தே இறுகுகின்றது. ஆகவே நீரில் அமிழ்ந்திருக்கும்போதும் அது வலுப்பெறும். கண்ணாடியைப் பிரித்ததும் கல்லின் முகத்தில் அதன் பளபளப்பு அப்படியே தங்கியிருக்கும்.

ஆக, சிமெண்டு நீரை உட்கொண்டு இறுகுகின்றது. சுண்ணாம்பு ஈரத்தின் துணையால் காற்றை உட்கொண்டு இறுகுகின்றது. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுகின்றது. அக்ரிலிக்கோ நீரை இழந்து இறுகுகின்றது. எந்தப் பொருள் எதனால் இறுகுகின்றது என்பதை அறிந்தால்தான், அதை எவ்வாறு தாமதப்படுத்துவது என்பதையும் அறிய முடியும். அக்ரிலிக் இறுகுவதற்குக் காரணம் நீர் ஆவியாதல் ஒன்றே ஆதலால், ஆவியாதலைத் தடுப்பதே நம் வேலை.

ஆவியாதலை விரைவுபடுத்துவன நான்கு என்பதை மாணவர் கீழ்வகுப்பிலேயே படித்திருப்பர். வெப்பம் மிகுதல், காற்றோட்டம் மிகுதல், காற்றின் ஈரப்பதம் குறைதல், பரப்பு விரிதல் என்பன அவை. நனைத்த வேட்டியை விரித்துக் காற்றில் கட்டினால் விரைவில் காய்கின்றது. சுருட்டி மூலையில் போட்டால் மறுநாளும் ஈரமாக இருக்கின்றது. வீட்டில் அன்றாடம் காணும் இந்நிகழ்ச்சியே வண்ணத்தட்டிலும் நடைபெறுகின்றது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்து மேட்டில் நிற்கும் உழவனுக்கு நல்லுரை. ஓவியனுக்கோ காற்றில்லாத மூலையே நல்ல இடம்.

ஆகவே முதலில் இடத்தைத் தேர்க. முற்றத்து வெயிலிலும் வாயிற்காற்றிலும் அமராமல், வெளிச்சம் வரும் நிழலான அறையில் அமர்க. மின்விசிறி வேண்டுமாயின் அதன் காற்று தட்டின்மேல் நேரே வீசாதவாறு அமர்க. காலை வேளை நண்பகலைவிட நன்று. அடுத்து, வண்ணத்தைத் தட்டில் இழுகி வைக்காமல் சிறு குவியலாக வைக்க. ஒரே அளவு வண்ணம் பரவி இருந்தால் பரப்பு மிகும், குவிந்திருந்தால் குறையும். தேவைப்படும் அளவை மட்டும் பிதுக்கி, உடனே குழாயை மூடுக. குழாயின் வாயில் ஒட்டிய வண்ணத்தைத் துடைத்துவிட்டே மூடுக. இவற்றிற்குக் காசு செலவில்லை; கவனமே செலவு.

இனி, ஈரத்தட்டு என்னும் எளிய கருவியைப் பற்றிக் கூறுவேன். ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் இது விலைக்குக் கிடைக்கின்றது. ஆயினும் வீட்டிலேயே செய்துகொள்வது அரிதன்று. மூடியுள்ள தட்டையான டிபன் பெட்டி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியை நாலைந்து மடிப்பாக மடித்து அதன் அடியில் பரப்புங்கள். மெல்லிய பஞ்சுத் தகடு கிடைத்தாலும் நன்று. நல்ல நீர் விட்டுத் துணியை முழுதும் நனைத்து, மேலே நீர் தேங்கி நில்லாதபடி மிகுந்ததை வடித்துவிடுங்கள். அதன்மேல், பட்டர் பேப்பர் என்று கடையில் கேட்டு வாங்கும் தாளைப் பெட்டியின் அளவுக்கு வெட்டி, குமிழி இல்லாமல் படிய வையுங்கள். அத்தாளின்மேல் வண்ணத்தை வைத்துக் கலக்குங்கள்.

இது வேலை செய்யும் விதம் அறியத்தக்கது. துணியின் இழைகளிடையே உள்ள நுண்ணிய வழிகளில் நீர் தானே ஏறிப் பரவுகின்றது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வாறே. தாள் நீரை ஓடவிடாமலும், முற்றிலும் தடுக்காமலும், சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றது. வண்ணத்தின் மேற்புறத்தில் நீர் ஆவியாகப் போகப்போக, அடிப்புறத்திலிருந்து அவ்விழப்பு ஈடுசெய்யப்படுகின்றது. மெழுகு பூசிய தாள் இதற்கு ஆகாது. அது நீரை முற்றிலும் தடுத்துவிடும். சாதாரண எழுதுதாளும் ஆகாது. அது ஊறி நைந்து, நாரும் துகளும் வண்ணத்தில் கலக்கும். தடுத்தலும் விடுதலும் அளவோடு அமைந்த தாளே வேண்டும்.

வேலையினிடையே எழுந்து செல்ல நேரின், பெட்டியை மூடிவிடுங்கள். மூடிய பெட்டிக்குள் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். நிறைந்தபின் ஆவியாதல் ஏறக்குறைய நின்றுவிடும். இவ்வாறு காத்த வண்ணம் மறுநாளும் பயன்படும்; சில வேளைகளில் பல நாள்களும் இருக்கும். ஆயினும் நம் நாட்டு வெப்பத்தில், ஈரத்துணி சில நாள்களில் நாற்றம் எடுத்துப் பூசணம் பூக்கும். எனவே துணியை அடிக்கடி துவைத்து வெயிலில் உலர்த்தி, நீரையும் தாளையும் மாற்றுவது இன்றியமையாதது. குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் அதில் வைக்கலாம். உறையும் பகுதியில் மட்டும் வைக்கலாகாது. பால்மம் உறைந்தால் துகள்கள் ஒன்றாய்த் திரண்டு, வண்ணம் கெட்டுவிடக் கூடும்.

ஈரத்தட்டு இல்லாதபோது, துணிக்கு நீர் தெளிக்கும் தெளிப்பான் குப்பியால் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை பனிபோல் மெல்லிய நீர்த்துளியைத் தெளிக்கலாம். படலம் படர்வதற்கு முன்னரே தெளித்தல் வேண்டும்; படர்ந்தபின் தெளித்துக் கலக்கினால் படலத்தின் துண்டுகள் வண்ணத்தில் பருக்கைகளாக நிற்கும். அளவுக்கு மிஞ்சி நீர் சேர்ப்பதும் தவறு. நிறப்பொடியைத் தாளோடும் துணியோடும் பிணைப்பவை அத்துகள்களே அல்லவா? நீர் மிகுந்தால் அவை ஒன்றையொன்று எட்டாதபடி விலகி நிற்கும்; உலர்ந்தபின் படலம் வலுவின்றிப் பெயரும்.

உலர்தலைத் தாமதப்படுத்தும் மருந்துகளும் கடைகளில் உண்டு. அவற்றை ரிடார்டர் என்பர். எளிதில் ஆவியாகாததும், நீரைப் பற்றி நிறுத்துவதுமான கிளைக்கால் வகையைச் சேர்ந்த பொருள்கள் அவற்றில் உள்ளன. இவை உணவில் உப்பைப் போன்றவை. குப்பியின்மேல் குறித்த அளவுக்குள் சேர்த்தால் பயன் தரும். மிகுந்தால் படம் பல நாள்களுக்குப் பிசுபிசுத்து, தூசியை ஈர்த்துக் கொள்ளும். தொடக்க நிலை மாணவர் இவற்றை நாடுவதினும், ஈரத்தட்டைப் பழகுவதே சிறப்பு.

வண்ணம் காய்ந்தால் புதிதாகப் பிதுக்கிக் கொண்டால் போதாதா என்று எண்ணலாம். அதற்குப் பணம் மட்டும் தடையன்று. நீலமும் மஞ்சளும் சிறிது வெள்ளையும் கலந்து ஒரு வயலின் பச்சையை நீங்கள் ஆக்கினீர்கள். பாதி வயல் தீட்டுவதற்குள் அது காய்ந்துவிட்டது. அதே பச்சையை மறுபடியும் கலப்பது தேர்ந்தவர்க்கும் அரிது. அக்ரிலிக்கில் இவ்வருமை இரட்டிப்பாகின்றது. ஈரமாக இருக்கையில் பால்மம் வெண்மை கலந்து தோன்றும்; உலர்ந்ததும் அது தெளிந்துவிடுவதால் நிறம் சற்று அடர்ந்து காணும். தாளில் காய்ந்த பச்சையோடு தட்டிலுள்ள ஈரப் பச்சையை ஒப்பிட்டுக் கலப்பவன் ஏமாந்து போவான். ஆகவே கலந்த நிறத்தை அவ்வேலை முடியும் வரை ஈரமாகக் காப்பது, படத்தின் ஒருமைப்பாட்டையே காப்பதாகும்.

ஈரத்தைக் காப்பதோடு, ஈரத்திற்குள் வேலையை முடிக்கும் திட்டமும் வேண்டும். இதில் நம் முன்னோர் நமக்கு ஆசிரியர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், பிற்கால நாயக்கர் ஓவியத்தின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, ஈரமான சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை அவை என்று விளக்கினார். இம்முறையில் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நிறம் அதில் படிந்து, சுண்ணாம்பு கல்லாகும்போது அதனோடு பிணைகின்றது. ஆகவே ஓவியன் விரைந்து செயற்பட வேண்டும். இத்தாலியில் இம்முறையைக் கையாண்டவர்கள், ஒரு நாளில் தீட்டி முடிக்கக் கூடிய அளவு இடத்திற்கே சாந்து பூசினர். அப்பகுதிக்கு ஒரு நாள் வேலை என்றே பெயர். 1508 முதல் 1512 வரை ரோமாபுரியின் சிஸ்டைன் ஆலயத்து விதானத்தை மைக்கேலாஞ்சலோ தீட்டியதும் இவ்வாறு பகுதி பகுதியாகவே. நாமும் வானத்தை முதலில், மரத்தைப் பின்னர் என்று படத்தைப் பகுத்துக் கொண்டு, அந்தப் பகுதிக்கு வேண்டிய நிறங்களை மட்டும் கலந்தால், தட்டில் காய்வதற்கு எதுவும் எஞ்சாது. வானம் போல நிறம் மெல்ல மாற வேண்டிய இடத்தில், தாளையோ துணியையோ முன்னதாகச் சிறிது நனைத்துக் கொண்டால், இரு நிறங்களும் கலக்கச் சற்றுக் கூடுதலான நேரம் கிடைக்கும்.

தூரிகையை மறந்துவிடலாகாது. வண்ணம் தோய்ந்த தூரிகையைக் காற்றில் வைத்தால் அதன் மயிரெல்லாம் பிளாஸ்டிக்கால் ஒட்டிக் குச்சி போலாகிவிடும். வேலையிடையே நீரில் அலசிக் கொண்டே இருங்கள். முடிந்ததும் சோப்பு இட்டுக் கழுவி, முனையைக் கூராக்கி வையுங்கள். தலைகீழாக நீரிலேயே நாள் முழுதும் நிறுத்தி வைத்தால் மயிர் வளைந்துவிடும்.

கழுவிய நீரை எங்கே ஊற்றுவது? இது சிறிய வினாவன்று. செட்டிநாட்டு ஊர்கள் மழைநீரை ஊருணிகளில் தேக்கி வாழ்ந்த ஊர்கள். வீட்டுக் கூரையில் விழும் நீரையும் வீணாக்காமல் சேர்த்த மரபு இங்கு உண்டு. அக்ரிலிக் கலந்த நீரில் உள்ளவை பிளாஸ்டிக் துகள்கள். சில நிறங்களில் நச்சுத்தன்மையுள்ள உலோகச் சேர்மங்களும் இருக்கும். ஊருணியிலோ கிணற்றடியிலோ அதை ஊற்றலாகாது. தூரிகையை முதலில் பழந்துணியில் நன்கு துடைத்துவிட்டு, பின்னரே கழுவுங்கள். அக்கழுநீரை ஒரு பழைய அகன்ற தட்டில் ஊற்றி, பிள்ளைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்தில் வெயிலில் வையுங்கள். நீர் ஆவியாகிப் போகும். அடியில் தங்கும் படலத்தை உரித்துக் குப்பையில் சேர்க்கலாம். தட்டில் நமக்குப் பகையாக இருந்த அதே வெயில், இங்கே நமக்கு ஊழியம் செய்கின்றது.

இறுதியாக, நான் கூறியவற்றை அப்படியே நம்பிவிடாமல் நீங்களே சோதித்துப் பார்க்குமாறு மாணவர்களை வேண்டுகின்றேன். ஒரே குழாயிலிருந்து ஒரே அளவான நான்கு வண்ணக் குவியல்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றை வெயிலும் காற்றும் படும் தட்டிலும், ஒன்றை நிழலறையிலுள்ள தட்டிலும், ஒன்றைத் திறந்த ஈரத்தட்டிலும், ஒன்றை மூடிய ஈரத்தட்டிலும் வையுங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, தென்னை ஈர்க்கின் நுனியால் தொட்டுப் பார்த்து, எப்போது படலம் தோன்றியது, எப்போது முற்றிலும் இறுகியது என்பதை நேரத்தோடு குறியுங்கள். அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள். கார்த்திகை மழைநாளில் ஒருமுறையும், சித்திரை வெயிலில் ஒருமுறையும் இதைச் செய்து இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மேலே கூறிய நான்கு காரணங்களும் எண்களாக உங்கள் முன் நிற்கும். ஓவிய வகுப்பும் அறிவியல் வகுப்பும் வெவ்வேறு அறைகளில் நடந்தாலும், இரண்டிற்கும் பொருள் ஒன்றே என்பதை அப்பட்டியல் உங்களுக்கு உணர்த்தும். அதன்பின், கையிலுள்ள சிறிய குழாய் வண்ணம் எத்தனை படங்களுக்குப் போதும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.